டார்ச் லைட் டாக்டரம்மா

“இந்தா இருக்கான்!”

பழங்காநத்தத்தில் எங்கள் அப்பா வீட்டுக் கீழ்ப்போர்ஷனிலிருந்து இந்தச் சத்தம் முதன்முதலாகக் கேட்டபோது, அப்பா கையில் அகப்பட்ட ஒட்டடைக் கம்போடு மாடிப்படியில் தடதடவென்று இறங்கினார். அம்மா பால்கனியில் நின்று தெருவைப் பார்த்து, “திருடன், திருடன்” என்று கூப்பாடு போட்டார். எதிர் டீக்கடையிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் திருடனும் இல்லை, கிருடனும் இல்லை. மேஜைமேல் ஒரு குழந்தை உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. அதன் இடுப்புக்கு நேராக ஒரு நசுங்கிய ஸ்டீல் டார்ச் லைட்டைப் பிடித்தபடி, முகமெல்லாம் பல்லாக நின்றிருந்தார், அங்கே க்ளினிக் வைத்திருந்த டாக்டரம்மா.

“வாங்கண்ணே, நல்ல நேரத்துல வந்தீக. எம்புட்டு அழகா ஒளிஞ்சு உக்காந்திருக்கான் பாருங்க!”

அப்பா கம்பைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். அரைஞாண் கயிற்றுக்கு அடியில் மிளகு அளவுக்கு ஒரு கறுப்புப் பொருக்கு. அதைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். சிகரெட்டால் சுட்ட மாதிரி இருந்தது. கயிறு உரசிப் புண்ணாகியிருக்கிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். குழந்தையின் அப்பாவோ டாக்டரம்மா போட்ட சத்தத்தில், ஏதோ பெரிய வியாதி என்று முடிவுகட்டி மூலையில் நின்று தேம்பிக்கொண்டிருந்தார்.

“அட, என்னண்ணே நீங்க! திருடன் அகப்பட்டா யாராச்சும் அழுவாகளா? இம்புட்டு நாளாக் காய்ச்சல் ஏன் விடலைன்னு இப்பத் தெரிஞ்சு போச்சுல்ல! இதுக்கு மருந்து இருக்கு. நாளைக் கழிச்சு உங்க மகன் உங்களையே ஓடவிடுவான் பாருங்க.”

அவர் சொன்னபடியே அந்தக் குழந்தை தேறியது. அன்றைக்கு ஓடிவந்த டீக்கடை ஆட்களும் ஒவ்வொருவராக அந்தப் பொருக்கைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். டாக்டரம்மா யாரையும் பார்க்காமல் விடவில்லை.

கீழ்ப்போர்ஷனில் இப்போது செல்போன் கடை நடக்கிறது. டாக்டரம்மா மகளோடு இருக்கிறேன் என்று கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார். அவர் பெயரை எழுதலாம்தான். எழுதினால் உடனே போன் போட்டு, “அந்த ஒரு தடவ தோத்ததை மட்டும் ஏன்த்தா எழுதின?” என்று சண்டைக்கு வருவார். அதனால் டாக்டரம்மாவாகவே இருக்கட்டும்.

ஆள் குள்ளம். காட்டன் சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டால், மாலை க்ளினிக் முடிகிறவரை எடுக்கமாட்டார். நடையே கிடையாது, ஓட்டம்தான். பையன்கள் எல்லாரும் அவருக்கு மாப்ள. பெண்பிள்ளைகள் எல்லாரும் ஆத்தா. ஊசி பயத்தில் அழுகிற பிள்ளைகளிடம், “அழுகாத மாப்ள, இன்னிக்கு ஊசி இல்ல, கண்ணாமூச்சிதான். உன் மேல ஒரு திருடன் ஒளிஞ்சிருக்கான். நான் கண்டுபிடிச்சா நான் ஜெயிச்சேன். முடியலைன்னா நீ ஜெயிச்ச” என்பார். டார்ச்சை எடுத்துக் காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், அக்குளில், தொப்புளில், கால்விரல் இடுக்கில் என்று ஒரு இடம் விடாமல் தேடுவார். கூச்சப்படுகிற வயதுப் பெண்பிள்ளை என்றால் அம்மாவைத் தவிர எல்லோரையும் வெளியே அனுப்பித் திரையை இழுத்துவிட்டுத் தேடுவார். ஒரு வாரமாகியும் விடாத காய்ச்சல் என்று யார் தூக்கிவந்தாலும் இந்தத் தேடல் உண்டு.

ஒருமுறை ஒரு தகப்பனார் தன் மகளோடும் தலையணை தடிமனுக்கு ஒரு பைலோடும் வந்தார். ஸ்கேன், எக்ஸ்ரே, ரத்தம், சிறுநீர் எல்லாம் அதில் இருந்தது. அவர் ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட நீட்ட, டாக்டரம்மா சொன்னார்:

“அண்ணே, நீங்க பைலைப் பாத்துக்கங்க. நான் புள்ளையப் பாத்துக்கிறேன்.”

அந்தப் பெண்ணுக்கு அக்குளில் கிடைத்தது. அந்தச் சத்தத்தில் எங்கள் மாடி ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்வார். பைலையும் டாக்டரம்மா தூக்கிப்போடவில்லை. பிறகு உட்கார்ந்து கடைசித் தாள்வரை படித்தார். படித்துவிட்டு, “எல்லாம் சரியாத்தான் பாத்திருக்காக. உண்ணிக் காய்ச்சலுக்கு ஒரு டெஸ்டை எழுதணும்னு மட்டும் தோணலை, அம்புட்டுத்தான்” என்றார். இன்னொரு டாக்டரைக் குறை சொல்லி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

உண்ணிக் காய்ச்சல் என்று சொன்னதும் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்வார்கள். “எங்க வீட்ல மாடே இல்லையே டாக்டர்!” அதற்கு அவரும் ஒரே மாதிரி தலையில் அடித்துக்கொள்வார். “மாட்டு உண்ணி இல்லத்தா. இது கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி. புதர்லயும் புல்லுலயும் கெடக்கும். மழைக்குப் பின்னாடி ஜாஸ்தி. கடிச்ச இடத்துலதான் இந்தப் பொருக்கு விழும். வலிக்காது, அரிக்காது. அதான் ஒருத்தரும் பாக்கிறதில்ல.”

இப்படி ஊர்ப்பிள்ளைகள் மேல் மிளகளவுப் பொருக்கைக் கண்டுபிடிக்கிற மனுஷிக்குத் தன் ஸ்கூட்டர் சாவியைக் கண்டுபிடிக்கத் தெரியாது. தினம் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு அமர்க்களம். காத்திருக்கும் தாய்மார்கள், கம்பவுண்டர், என் அப்பா என்று ஆளாளுக்கு மேஜைக்கு அடியிலும் குப்பைக் கூடையிலும் தேடுவார்கள். பாதி நாள் அது ஸ்கூட்டரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். “டாக்டர், அந்த டார்ச்சை வச்சுத் தேடுங்களேன்” என்று நான் சீண்டினால், “சாவிக்குக் காய்ச்சல் வரட்டும், தேடுறேன்” என்பார்.

ஒன்றும் கிடைக்காமல் சாதாரணக் காய்ச்சலாகப் போனால் அவர் முகம் சப்பென்று ஆகிவிடும். “வைரல்தான், போங்க, தண்ணி நிறையக் குடுங்க” என்பார், ஏதோ அவரை ஏமாற்றிவிட்டது போல. ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்.

“பிள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னா உங்களுக்கு வருத்தமா டாக்டர்?”

“அடிப்பாவி!” என்று என் முதுகில் ஒன்று வைத்தார். “வருத்தமெல்லாம் இல்லடி. ஆனா தேடிக் கண்டுபிடிக்கிற சந்தோசம் இருக்கு பாரு, அது தனி. அது ஒரு கிறுக்கு.”

அந்தக் கிறுக்கை நம்பித்தான் என் மகனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவனுக்கு அப்போது ஐந்து வயது. இடுப்புவரை முடி. முதல் முடியை எழுமலைக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரரின் குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து இறக்க வேண்டும். அதுவரை கத்திரி படக்கூடாது. ஒன்றரை வயதில் நடந்திருக்க வேண்டிய காரியம். ஒவ்வொரு வருஷமும் நாள் குறிப்பதும், பங்காளி வீட்டில் யாராவது ஒரு பெரிசு போய்ச்சேர்வதும், தீட்டு என்று தள்ளிப்போவதுமாக, பிள்ளை ரெட்டைச் சடையோடு எல்.கே.ஜி. போனான். பார்க்கிறவர்கள் எல்லாம் பாப்பா என்றார்கள். டாக்டரம்மாவும் முதல்முறை, “வாத்தா, பேரென்ன?” என்று கேட்டு, “நான் பையன்!” என்று அவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தீபாவளிக்கு எழுமலை போனோம். மழை பெய்து தோட்டமெல்லாம் பச்சை. பம்புசெட்டுக்குப் பின்னால் புதரில் பிள்ளைகள் எல்லாம் ஒளிந்து விளையாடினார்கள். புல்லில் படுத்து உருண்டார்கள். திருநகரில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி, பள்ளிக்கூடம் திறந்து, எல்லாம் மறந்துபோன பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டாக்டரம்மா அப்போது மகள் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். பக்கத்தில் காட்டினோம். வைரலாக இருக்கும் என்றார்கள், பிறகு டைபாய்டாக இருக்கலாம் என்றார்கள், டெங்கு இல்லை என்றார்கள். மருந்து கொடுத்தால் இறங்கும், நாலு மணி நேரத்தில் மறுபடி கொதிக்கும். ஒரு வாரம் தாண்டியது. தலைவலி என்று தலையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். கண் இமைகள் உப்பின. பிறகு கத்துவதையும் நிறுத்திவிட்டான். அதுதான் என்னை உலுக்கியது. ஓயாமல் பேசுகிற பிள்ளை, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா போன் செய்தார். “டாக்டரம்மா வந்துட்டாகடி! ஸ்டேஷன்ல இருந்து நேரா இங்கதான் வந்திருக்காக. தூக்கிட்டு ஓடியா!”

போனோம். வாசலில் அவருடைய சூட்கேஸ் அப்படியே நின்றது. என் மகனைப் பார்த்ததும் அவர் முகத்தில் சிரிப்பு மறைந்து, கண் கூர்மையானது. மூச்சு வேகமாக ஓடுவதைக் கவனித்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். “ஊருக்கு எங்கிட்டாச்சும் போனீகளா? தோட்டம், காடு?” என்று கேட்டார். எழுமலை என்றேன். டார்ச்சை எடுத்தார்.

“மாப்ள, ஆரம்பிப்பமா?”

அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவர் தேடினார். அக்குள், தொப்புள், இடுப்பு, கால் இடுக்கு, விரல் இடுக்கு எல்லாம் பார்த்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு சத்தத்துக்காக. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மாடிவரை கேட்ட சத்தம், என் பிள்ளைக்கு வரமாட்டேன் என்றது. மறுபடி முதலிலிருந்து தேடினார். கடைசியில் வலது காதுக்குப் பின்னால், கழுத்துக்கு மேலே அவர் விரல் நின்றது.

“நெறி கட்டியிருக்கு” என்றார்.

எனக்கும் புரிந்தது. காலில் புண் வந்தால் தொடையில் நெறி கட்டும். கழுத்தில் கட்டியிருக்கிறது என்றால், திருடன் தலையில் இருக்கிறான். அவர் சடையைப் பிரித்து முடியை வகிர்ந்தார். அவ்வளவு நேரம் கண்ணைத் திறக்காத பிள்ளை, தலையில் கை பட்டதும் வீறிட்டான். எண்ணெயும் திருநீறும் வேர்வையும் சேர்ந்து முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது. எங்கே தொட்டாலும் கதறினான்.

“முடியை வெட்டிருவோம்” என்றேன்.

“வெட்டக்கூடாது” என்றார் என் வீட்டுக்காரர்.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ராகுகாலம் பார்க்கிறவர்களைக் கண்டால் கேலி பேசுகிற ஆள். அவர் பிள்ளையின் தலைமாட்டில் போய் நின்றுகொண்டார். “சாமிக்கு நேந்த முடி. இவன் இப்படிக் கெடக்குற நேரத்துல சாமி குத்தமும் சேர்ந்துக்கிறணுமா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?”

“ஆயிட்டுத்தான் இருக்கு! கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்று கத்திக்கொண்டே, டிரேயில் கிடந்த கட்டுப் போடும் கத்திரிக்கோலை எடுத்துவிட்டேன். இருவரும் பிள்ளையின் தலைக்கு மேலே நின்று சண்டை போட்டோம். வெட்கக்கேடுதான். ஆனால் அந்த நேரத்தில் சாமியே நேரில் வந்து மறித்திருந்தாலும் நான் கத்திரியை விட்டிருக்கமாட்டேன்.

டாக்டரம்மா என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்திரிக்கோலை வாங்கினார்.

“எதுக்குத்தா இது?”

“நீங்க கண்டுபிடிக்கணும்ல?”

“கண்டுபிடிச்சா எனக்குத்தான் சந்தோசம். புள்ளைக்கு வேண்டியது மருந்து.” அவர் டார்ச்சை அணைத்து மேஜை இழுப்பறையில் போட்டார். நான் பார்த்து அவர் அதை உள்ளே போட்டது அன்றைக்குத்தான். “அந்தப் பொருக்கு எல்லாப் புள்ளைக்கும் இருக்காது. இருந்தாலும் அகப்படணும்னு இல்ல. காய்ச்சல் இம்புட்டு நாளா விடலை. புதர்ல வெளையாண்டிருக்கான். இமை உப்பியிருக்கு, நெறி கட்டியிருக்கு, மூச்சு வாங்குது. இது போதும் எனக்கு. ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புறேன். ஆனா ரிசல்ட் வரட்டும்னு ஒக்காந்திருக்கமாட்டேன். இப்பவே ஆரம்பிக்கிறேன்.”

“கண்டுபிடிக்காமலேயா?” என்றார் என் வீட்டுக்காரர். இவ்வளவு நேரம் கண்டுபிடிக்க விடாத அதே மனுஷன்.

“ஆமா தம்பி. சில நேரம் திருடனைப் பிடிக்கிறதுக்கு முன்னாடி வீட்டைக் காப்பாத்தணும்.”

மருந்தின் பெயரைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் போனை எடுத்துத் தேடி, “இதைக் குடுத்தா பல்லுல கறை விழும்னு போட்டிருக்கே” என்றார். “பல்லுக்கு நான் ஜவாபு. கொஞ்ச நாளைக்குக் குடுக்கிற மருந்துக்கு அதெல்லாம் ஆகாது. இந்தக் காய்ச்சலுக்கு இதை விட்டா இம்புட்டு நல்லது வேற இல்ல” என்று டாக்டரம்மா சொல்லிக்கொண்டே, எடை பார்த்து அளவு போட்டு, முதல் வேளை மருந்தைத் தன் கையாலேயே கொடுத்தார். அடுத்த தெருவில் இருந்த குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லிவிட்டு, அவரும் கூடவே வந்தார். ஆட்டோவில் பிள்ளையின் காலை மடியில் வைத்துக்கொண்டு, அவன் மூச்சையே எண்ணிக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமையும் காய்ச்சல் அடித்தது. ஆனால் உச்சிக்குப் போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை நெற்றியில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. பயந்துபோய் மார்பில் வைத்தேன், கழுத்தில் வைத்தேன். வியர்த்திருந்தான். மூச்சு சீராக ஓடியது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற குரலில், “கறிதோசை” என்றான்.

நான் வார்டு என்றும் பார்க்காமல் கத்தினேன். நர்ஸ் ஓடிவந்தார். என் வீட்டுக்காரர் கறிதோசை வாங்குகிறேன் என்று செருப்பில்லாமல் இறங்கி ஓடினார். காலை ஏழு மணிக்கு எந்தக் கடையில் கறிதோசை கிடைக்கும்! அரை மணி நேரம் கழித்து இட்லியோடு வந்து, படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தார். ஐம்பதைத் தாண்டிய மனுஷி, வார்டுக்கு நடுவில், நிஜமாகவே குதித்தார்.

அதற்குப் பிறகுதான் ரத்த ரிசல்ட் வந்தது. உண்ணிக் காய்ச்சல்தான். போனில் சொன்ன டாக்டரம்மா குரலில் பாதி சந்தோஷம்தான் இருந்தது.

“பேப்பர் சொல்லிருச்சுத்தா. ஆனா நான் பாக்கலையே!”

தை மாதம் முடியிறக்குக்கு நாள் குறித்தோம். நல்லவேளை, பங்காளிகள் யாரும் சாகவில்லை. டாக்டரம்மாவுக்குப் பத்திரிகை வைத்தபோது, “எந்த பஸ்ல ஏறணும், எத்தனை மணிக்கு முடி எடுப்பாக?” என்று இரண்டே கேள்விதான் கேட்டார். சாப்பாட்டு நேரம்கூடக் கேட்கவில்லை.

புளியமரத்தடியில் கோயில். மேளம் முழங்குகிறது. ஒருபக்கம் கிடாய்க்கறி வேகிறது. என் தம்பி பட்டுவேட்டி கட்டி மடியில் மருமகனை வைத்திருக்கிறான். பிள்ளை ஊரைக் கூட்டி அழுகிறான். சுற்றி நின்ற பெண்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, கத்திக்கும் தலைக்கும் நடுவே மூக்கை நீட்டியபடி டாக்டரம்மா நிற்கிறார். கையில் அதே நசுங்கிய டார்ச். பட்டப்பகலில்!

“தள்ளி நில்லுங்கத்தா, மூக்குல கத்தி பட்டுரும்” என்றார் முடி எடுப்பவர்.

“நீங்க எடுங்கண்ணே. வலது காதுக்குப் பின்னாடி மட்டும் மெதுவா.”

கொத்துக் கொத்தாக முடி விழுந்தது. முடி எடுப்பவரின் கை ஒரு இடத்தில் நின்றது. “இங்கன என்னமோ தழும்பு இருக்கே. எதும் பட்டுச்சா?” என்றார். வலது காதுக்கு மேலே, ஒரு மிளகு அளவுக்கு, வட்டமாக, முடி முளைக்காத ஒரு புள்ளி.

“இந்தா இருக்கான்!”

மேளம் நின்றுவிட்டது. கிடாய்க்கறி கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு ஓடிவந்தார். அருள்தான் வந்துவிட்டது என்று நினைத்து என் மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டரம்மா யாரையும் பார்க்கவில்லை. டார்ச்சை அடித்து அடித்து அந்தப் புள்ளியைப் பார்க்கிறார், சிரிக்கிறார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. “என்னமா ஒளிஞ்சிருக்கான் பாருத்தா! நான் நெனச்சபடி தலையிலதான்! மாப்ள, கண்டுபிடிச்சுட்டேன்டா, நான் ஜெயிச்சுட்டேன்!”

பிள்ளை அழுகையை நிறுத்தினான். பாதித் தலையில் முடியும் பாதித் தலை மொட்டையுமாக மாமன் மடியில் திரும்பி உட்கார்ந்து, அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“லேட்டு டாக்டர்! நான் அதுக்கு முன்னாடியே நல்லாயிட்டேன்ல?”

டாக்டரம்மா அந்த மண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“ஆமா மாப்ள. நீதான் ஜெயிச்ச” என்றார்.

மொட்டைக்குச் சந்தனம் பூச மாமன் வீட்டுப் பெண்கள் கிண்ணத்தோடு வந்தார்கள். அவர் கிண்ணத்தைப் பிடுங்கித் தானே பூசினார். தலை முழுக்கப் பூசினார், அந்த ஒரு புள்ளியை மட்டும் விட்டுவிட்டு. பந்தியில் அவனைத் தன் இடதுபக்கம் உட்காரவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க் கறிச்சோற்றுக்கும் ஒருமுறை குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.